எடை குறைந்தும் உறுதி குறையாத ட்ரைபாடைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வெளிப்புறப் புகைப்படங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) வாங்க முற்படும் பெரும்பாலானோர் முதலில் எடையைப் பார்க்கிறார்கள். அடுத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சுமைத்திறனைப் பார்க்கிறார்கள். உயரத்தையும் குழாயின் விட்டத்தையும் கடைசியில்தான் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை. இந்த வரிசையில் தேர்ந்தெடுத்தால் தோளுக்குச் சுகமாகவும் சிறு காற்றுக்கே நடுங்குவதாகவும் இருக்கும் ஒன்றுதான் கைக்கு வரும். சில மாதங்களில் இரண்டாவது ட்ரைபாடைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பி வைக்கிறது. லென்ஸ், உயரம், மடித்த நீளம், குழாயின் விட்டம், பொருள், ஹெட் (கால்களின் மேல் அமர்ந்து கேமராவைப் பிடித்துத் திருப்பும் பாகம்) என்று ஒவ்வொன்றையும் முடிவுசெய்த பின்னரே எடைக்கு வர வேண்டும். எடை கூடிவிட்டால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, ஒரு சமையலறைத் தராசு, உங்கள் கேமரா, உங்களிடம் உள்ளவற்றுள் மிக நீளமான (மி.மீ. எண் மிகப் பெரிய) லென்ஸ், வழக்கமாக எடுத்துச் செல்லும் முதுகுப்பை ஆகியவை போதும். பேட்டரியும் லென்ஸ் மறைப்பும் உட்பட, கேமராவையும் லென்ஸையும் சேர்த்து எடை போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் உயரத்தையும் பையின் உட்புற நீளத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இது சிறு வேலையாகத் தோன்றினாலும் தவிர்க்கக் கூடாதது. நினைவிலிருந்து சொல்லும் எடை பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். கேமராவின் எடையைச் சொல்பவர்கள் லென்ஸின் எடையை மறந்துவிடுவது வழக்கம்.

2. மிக நீளமான லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

ட்ரைபாட் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை கேமராவின் எடையைவிட லென்ஸின் குவியத் தூரமே (லென்ஸின் மேல் மி.மீ.-இல் குறிக்கப்படும் எண்) அதிகமாகத் தீர்மானிக்கிறது. காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலமுள்ள) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர். 200 மி.மீ. லென்ஸ் பொருத்தியிருக்கையில் கேமரா ஒரு டிகிரியில் 600-இல் ஒரு பங்கு அசைந்தாலே படம் ஒரு பிக்சல் அளவுக்கு நகர்ந்துவிடும். 24 மி.மீ. அகலக்கோண லென்ஸில் அதே நகர்வு நிகழ ஒரு டிகிரியில் 70-இல் ஒரு பங்கு அசைய வேண்டும். எடை ஒன்றேயாக இருந்தாலும் முதல் லென்ஸ் ட்ரைபாடிடம் எட்டு மடங்குக்கு மேல் அதிகமாகக் கேட்கிறது.

எனவே நிலக்காட்சி மட்டும் எடுப்பவருக்கு ஏற்ற ட்ரைபாடும், பறவைகளையும் தொலைவில் உள்ள மலைமுகடுகளையும் எடுப்பவருக்கு ஏற்றதும் ஒன்றல்ல. உங்கள் லென்ஸ்களுள் ட்ரைபாடில் உண்மையிலேயே பொருத்தப்போகும் மிக நீளமானதைத் தாளில் எழுதுங்கள். என்றாவது ஒருநாள் வாங்கலாம் என்று நினைத்திருக்கும் 600 மி.மீ. லென்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று சுமக்க முடியாத ட்ரைபாட் வீட்டிலேயே தங்கிவிடும்.

3. தேவையான உயரத்தைக் கணக்கிடுங்கள்

விவரக்குறிப்பில் ‘அதிகபட்ச உயரம்’ என்று தரப்படும் எண் பெரும்பாலும் நடுத்தண்டை (கால்களின் நடுவிலிருந்து மேலே உயர்த்தக்கூடிய ஒற்றைக் குழாய்) முழுவதும் உயர்த்திய நிலையில் அளந்தது. உங்களுக்கு வேண்டியது நடுத்தண்டை உயர்த்தாத நிலையில் கால்களின் உயரம். இரண்டுக்கும் இடையே 20 முதல் 30 செ.மீ. வரை வேறுபாடு இருப்பது சாதாரணம்.

கணக்கு எளிது. கண்கள் உச்சந்தலையிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. கீழே இருக்கின்றன. அந்தக் கண்மட்டத்திலிருந்து ஹெட்டின் உயரத்தையும், கேமராவின் அடிப்பகுதியிலிருந்து வியூஃபைண்டர் (கண்வைத்துப் பார்க்கும் துளை) வரையுள்ள உயரத்தையும் கழிக்க வேண்டும். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குக் கண்மட்டம் 158 செ.மீ.; ஹெட்டுக்கு 10, கேமராவுக்கு 8 கழித்தால் 140 செ.மீ. வரும். கால்களை முழுவதும் நீட்டி, நடுத்தண்டைத் தொடாமலேயே இந்த உயரம் கிடைத்தால் குனியாமல் படம் எடுக்கலாம்.

சரிவான நிலத்தில் கீழ்ப்பக்கக் கால்கள் இன்னும் நீள வேண்டியிருக்கும் என்பதால் 10 செ.மீ. கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் இந்த 140 என்ற எண்ணைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேமராவின் திரை வெளியே மடங்கித் திரும்பக்கூடியது என்றால் மார்பு உயரமே போதும்; எடையைக் குறைக்க வேண்டிவரும்போது முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். இதை 9-ஆம் பகுதியில் மீண்டும் பார்க்கலாம்.

4. மடித்த நீளமும் கால்களின் அடுக்குகளும்

ஒவ்வொரு காலும் ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனது. இந்த அடுக்குகள் மூன்றாக, நான்காக, ஐந்தாக இருக்கலாம். 140 செ.மீ. உயரம் தரும் ட்ரைபாட் மூன்று அடுக்கானால் மடித்தபின் ஏறத்தாழ 60 முதல் 65 செ.மீ., நான்கு அடுக்கானால் 50 முதல் 55 செ.மீ. இருக்கும், ஐந்து அடுக்கானால் 45 செ.மீ. அளவுக்கும் சுருங்கும். ஹெட்டைச் சுற்றிக் கால்கள் பின்னோக்கி மடங்கும் அமைப்பு இருந்தால் இன்னும் சற்றுக் குறையும்.

மடித்த நீளம் குறையக் குறைய வசதி கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு கூடுதல் அடுக்கும் ஒரு கூடுதல் பூட்டையும், அதற்கு முந்தையதைவிட மெல்லிய ஒரு குழாயையும் கொண்டுவருகிறது. பையின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு நடப்பவருக்கு 55 செ.மீ. தொல்லை தராது. பெட்டிக்குள் வைத்துப் பயணம் செய்பவருக்கு மட்டுமே ஐந்து அடுக்கு தேவைப்படும். நடந்து செல்பவர்களுக்கு நான்கு அடுக்கே நடுவான தேர்வு என்பது என் முடிவு.

5. குழாயின் விட்டம்: உறுதி பிறக்கும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு குழாய் வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மையை விறைப்பு என்கிறோம். சுவரின் தடிமன் ஒன்றேயாக இருந்தால், மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு ஏறத்தாழ அதன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. விட்டம் 22 மி.மீ.-இலிருந்து 28 மி.மீ. ஆனால் அது கால் பங்குக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. விறைப்போ இரண்டு மடங்காகிவிடுகிறது. 32 மி.மீ. ஆனால் மூன்று மடங்கு. எடை இந்த வேகத்தில் கூடுவதில்லை. அது விட்டத்திற்கு ஏற்ற விகிதத்தில்தான் கூடுகிறது. சற்றுத் தடித்த குழாய்க்காகச் சுமக்கும் சில நூறு கிராம்கள் வேறெந்தப் பாகத்திலும் இவ்வளவு பயன் தருவதில்லை.

விவரக்குறிப்பில் தரப்படும் விட்டம் மேல் அடுக்கினுடையது. அடிக்குழாயின் விட்டத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பல தயாரிப்புகளில் ஒவ்வோர் அடுக்குக்கும் 3 மி.மீ. அளவு குறைகிறது. மேல் குழாய் 28 மி.மீ. என்றால், மூன்று அடுக்கில் அடிக்குழாய் 22 மி.மீ., நான்கில் 19 மி.மீ., ஐந்தில் 16 மி.மீ. ஆகிறது. பெட்டியின் மேல் ஒரே எண் அச்சாகியிருந்தாலும், ஐந்து அடுக்கின் அடிக்குழாய் மூன்று அடுக்கினுடையதைவிட விறைப்பில் பாதிக்கும் கீழே நிற்கிறது. ட்ரைபாடின் கால்விரல் அளவே உள்ள அந்த மெல்லிய குழாய்தான் நிலத்தைத் தொடுகிறது. அதை நீட்டிய நிலையில் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

என் பரிந்துரை இது: அகலக்கோணமும் நடுத்தர லென்ஸ்களும் மட்டும் என்றால் மேல் குழாய் 25 மி.மீ. போதும், 200 மி.மீ. வரை போவதாக இருந்தால் 28 மி.மீ.-க்குக் கீழே இறங்க வேண்டாம், 400 மி.மீ.-உம் அதற்கு மேலும் என்றால் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் பாருங்கள். அடிக்குழாய் 16 மி.மீ.-க்குக் குறைவான எதையும் காற்றுள்ள இடங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுமைத்திறனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான முறை ஏதும் இல்லை. தவிர, எவ்வளவு எடையை வைத்தால் உடையாமலும் சரியாமலும் தாங்கும் என்பதைத்தான் அது சொல்ல முற்படுகிறது; எவ்வளவு நடுங்கும் என்பதைச் சொல்வதில்லை. 10 கிலோ தாங்கும் என்று அச்சிட்ட ட்ரைபாட் ஒரு கிலோ கேமராவுடன் காற்றில் நடுங்குவதில் எந்த முரண்பாடும் இல்லை. உங்கள் தாளில் எழுதிய எடையைப் போல் மூன்று மடங்குகூடத் தாங்காதவற்றைக் கழித்துவிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

6. கார்பன் ஃபைபரா, அலுமினியமா

ஒரே விட்டத்தில் கார்பன் ஃபைபர் குழாய் அலுமினியத்தைவிட எடை குறைவு. அதிர்வையும் விரைவாகத் தணிக்கிறது. குளிரில் தொட்டால் கையைச் சுடுவதுபோல் உறைக்காது. எடையும் உறுதியும் சேர்ந்தே வேண்டும் என்பவர்களுக்கு, செலவு இடம்கொடுத்தால், இதுவே சரி.

எனினும் பொருளை விட்டத்திற்கு முன்னால் வைக்கக் கூடாது. 22 மி.மீ. கார்பன் ஃபைபரா, 28 மி.மீ. அலுமினியமா என்ற கேள்வி எழுந்தால், நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். அலுமினியம் அடிபட்டால் நசுங்கும் அல்லது வளையும். நசுங்கிய குழாய் உள்ளே நுழைய மறுத்தாலும் அன்றைய வேலை ஒருவாறு நடக்கும். கார்பன் ஃபைபர் கூர்மையான பாறையில் பலமாக மோதினால் விரிசல் விடலாம். விரிசல் கண்ட குழாயைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

7. நடுத்தண்டு, பூட்டுகள், பாதங்கள்

மூன்று கால்கள் சேர்ந்து தரும் உறுதி அவை சந்திக்கும் தட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் உயர்த்தும் நடுத்தண்டு ஒற்றைக் குழாயின் நுனியில் கேமராவை ஏற்றி வைப்பதுதான். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு நீளத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். நடுத்தண்டை இரண்டு மடங்கு உயர்த்தினால் வளைவு எட்டு மடங்காகும். நடுத்தண்டே இல்லாத ட்ரைபாடையோ, தண்டைக் கழற்றிவிட்டு ஹெட்டைத் தட்டிலேயே பொருத்தக்கூடியதையோ தேர்ந்தெடுங்கள். கழற்றுவதால் எடையும் குறையும், தரையோடு ஒட்டித் தாழ்வாகப் படம் எடுக்கவும் முடியும்.

பூட்டுகளைப் பொறுத்தவரை, ட்விஸ்ட் லாக் (திருகி இறுக்குவது), ஃபிளிப் லாக் (நெம்புகோலை மடக்கி மூடுவது) இரண்டுமே உறுதியானவைதான். ஃபிளிப் லாக் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் செடிகொடிகளில் சிக்கும். ட்விஸ்ட் லாக் மெலிதாக இருக்கும். பாதி இறுகிய நிலையிலும் முழுவதும் இறுகியதுபோலவே தோற்றம் தரும். புதியவர்கள் கேமராவைப் பொருத்திய பிறகு ஒரு கால் மெல்ல உள்வாங்கிச் சாய்வதைக் காண்பது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு முறையும் கேமராவை வைப்பதற்கு முன் தட்டைக் கீழ்நோக்கி ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ரப்பர் பாதம் பாறைக்கும் மரத்தளத்துக்கும் ஏற்றது. புல்லிலும் மண்ணிலும் இரும்புக் கூர்முனை நன்றாகப் பிடிக்கும். பாதங்களைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். திருகின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பொருந்தும் கூர்முனைகளைச் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

8. ஹெட்டும் பிளேட்டும்

நல்ல கால்களின் மேல் பலவீனமான ஹெட்டை வைத்தால் கால்களுக்குச் செலவழித்தது வீண். வெளிப்புற வேலைக்குப் பால் ஹெட்டே (ஒரு பந்தின் மேல் எத்திசையிலும் சாயும் ஹெட்) எடை குறைந்த தேர்வு. பந்தின் விட்டத்தைக் கேளுங்கள்: 25 மி.மீ. கால்களுக்கு 36 மி.மீ. அளவும், 28 மி.மீ. கால்களுக்கு 40 மி.மீ. அளவும் பொருத்தமாக இருக்கும். பெரிய பந்து அதே இறுக்கத்தில் அதிகப் பிடிப்பைத் தரும். 400 மி.மீ.-க்கு மேற்பட்ட லென்ஸால் நகரும் பறவைகளைப் பின்தொடர்பவர்களுக்குப் பால் ஹெட் ஒத்துவராது. அவர்களுக்கு கிம்பல் ஹெட் (கனமான லென்ஸைச் சமநிலையில் வைத்து எளிதாகத் திருப்பவிடும் ஹெட்) வேண்டும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. டெலிபோட்டோ (நீளமான) லென்ஸைப் பொருத்தி, திரையின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து ஹெட்டை இறுக்குங்கள். கையை எடுத்தவுடன் அந்தப் புள்ளி திரையில் மெல்ல மேலேறினால், லென்ஸின் முனை கீழிறங்குகிறது என்று பொருள். ஒவ்வொரு படத்துக்கும் இந்த இறக்கத்தை ஊகித்து ஈடுகட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும் என்பதால் அத்தகைய ஹெட்டை ஒதுக்கிவிடுங்கள். லென்ஸில் ட்ரைபாட் காலர் (லென்ஸைச் சுற்றியுள்ள, ட்ரைபாடில் பொருத்துவதற்கான வளையம்) இருந்தால் கேமராவைப் பொருத்தாமல் காலரையே பொருத்துங்கள். எடை ஹெட்டின் நடுவில் விழும்.

கால்களும் ஹெட்டும் இணையும் திருகு வழக்கமாக 3/8 அங்குலம். கேமராவின் அடியில் உள்ளது 1/4 அங்குலம். தட்டின் அடியிலிருந்து ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் சிறு திருகுகள் இருந்தால், கேமராவை இடப்பக்கம் திருப்பும்போது ஹெட் கழன்று வராது. கேமராவின் அடியில் திருகி, ஹெட்டில் உள்ள கிளாம்பில் (பிடிப்பானில்) செருகும் தகடே பிளேட். அதில் ஆர்கா-ஸ்விஸ் எனப்படும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பல நிறுவனங்கள் இந்த அமைப்பில் தயாரிப்பதால் பின்னர் ஹெட்டை மாற்றினாலும் பிளேட்டை மாற்ற வேண்டியிராது. வெவ்வேறு நிறுவனங்களின் பிளேட்டும் கிளாம்பும் மில்லிமீட்டரில் சில பங்கு வேறுபடுவதுண்டு. நெம்புகோல் கிளாம்பைவிடத் திருகுக் கிளாம்ப் இந்த வேறுபாட்டை எளிதாகத் தாங்கும். செங்குத்துப் படங்களை அதிகம் எடுப்பவர்கள் எல்-பிளேட் (கேமராவின் அடியையும் பக்கத்தையும் தழுவும் L வடிவப் பிளேட்) வாங்குவது நல்லது. கேமரா ஹெட்டின் பக்கவாட்டில் தொங்காமல் அதன் மேலேயே அமர்ந்திருக்கும்.

9. இப்போது எடையைக் கூட்டிப் பாருங்கள்

கால்கள், ஹெட், பிளேட் மூன்றின் எடையையும் கூட்டுங்கள். விளம்பரங்களில் காட்டப்படும் எடையில் ஹெட் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள், 40 மி.மீ. பால் ஹெட் மட்டுமே 400 கிராமைத் தாண்டலாம். 200 மி.மீ. லென்ஸ் வரை உண்மையிலேயே அசையாமல் தாங்கும் ஒரு கார்பன் ஃபைபர் ட்ரைபாட், ஹெட்டோடு சேர்த்து 1.6 முதல் 2.2 கிலோ வரை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். முழு உயரத்தில் ஒரு கிலோவுக்குக் கீழே வருபவை அகலக்கோணத்துக்கும் காற்றில்லாத பொழுதுக்கும் மட்டுமே பொருந்தும்.

கூட்டுத்தொகை அதிகமாகத் தெரிந்தால் பலரும் உடனே 22 மி.மீ. குழாய்க்குத் தாவிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக உயரத்தைக் குறையுங்கள். நடுத்தண்டில்லாத, மார்பு உயரமே உள்ள 28 மி.மீ. ட்ரைபாட், கண்மட்டம் வரை எட்டும் 22 மி.மீ. ட்ரைபாடின் எடையிலேயே கிடைக்கக்கூடும். உறுதியில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. குனிந்து நிற்பதற்கு உடல் பழகிக்கொள்ளும். மெல்லிய குழாயை எந்தப் பழக்கமும் விறைப்பாக்காது.

10. கடையில் சோதிக்கும் முறை

நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை முழுவதும் நீட்டிப் பூட்டுங்கள். தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து முதலில் கீழ்நோக்கி அழுத்துங்கள். எல்லா ட்ரைபாடும் இதில் தேறிவிடும். அடுத்து, தட்டை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாக முறுக்குங்கள். பலவீனம் வெளிப்படுவது இந்த முறுக்கில்தான். எந்த இடம் இளகுகிறது என்று கவனியுங்கள்: கால்கள் தட்டோடு சேரும் கீல், பூட்டு, குழாய் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். கீலில் ஆட்டம் இருந்தால் அங்குள்ள திருகை இறுக்கச் சொல்லி மீண்டும் பாருங்கள்; குழாயே நெளிந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

பிறகு உங்கள் கேமராவைப் பொருத்தி, நீளமான லென்ஸில், நிலைநிறுத்தியை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு, திரையில் காட்சியை முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். லென்ஸின் முனையை விரல்நுனியால் மெல்லத் தட்டி, காட்சி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால், இரண்டு நொடி டைமரோடு (பொத்தானை அழுத்தி இரண்டு நொடி கழித்தே படம் எடுக்கும் வசதி) தைரியமாகப் பயன்படுத்தலாம். இரண்டு ட்ரைபாடுகளை அடுத்தடுத்து நிறுத்தி இதைச் செய்தால், எந்த விவரக்குறிப்பும் சொல்லாத வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும்.

11. வாங்கிய பின், திருப்பித்தரும் காலம் முடிவதற்குள்

மிதமான காற்றுள்ள ஒரு நாளில் வெளியே நிறுத்துங்கள். மேலிருந்து தொடங்கித் தடித்த குழாய்களை முதலில் நீட்டுங்கள். அடிக்குழாய் தேவையில்லை என்றால் உள்ளேயே இருக்கட்டும். சமதரையில் ஒரு கால் லென்ஸ் நோக்கும் திசையில் இருக்கட்டும். சரிவில் இரண்டு கால்கள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது காற்றில் படபடக்கும்போது கேமராவும் சேர்ந்தே அதிரும். ட்ரைபாடின் நடுவில் அடியிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிட்டால், அதன் அடி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை அசைவைக் கூட்டவே செய்யும்.

சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, எழுத்துகளைக் குவியப்படுத்தி, 1/1000 நொடியில் ஒப்பீட்டுக்காக ஒரு படம் எடுங்கள். பிறகு 1/60, 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1 நொடி என்ற வரிசையில், டைமரைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றிலும் சில படங்கள் எடுத்து, கணினியில் பெரிதாக்கி எழுத்துகளின் விளிம்புகளை ஒப்பிடுங்கள்.

எழுத்துகள் மேலும் கீழுமாகக் கலங்கியிருந்தால், எலக்ட்ரானிக் ஷட்டரில் (பாகம் எதுவும் அசையாமல் படம் எடுக்கும் முறை) அதே படத்தை எடுத்துப் பாருங்கள். கலக்கம் மறைந்தால் குறை ஷட்டரின் அதிர்வில் இருக்கிறது, ட்ரைபாடில் இல்லை. பக்கவாட்டில் கலங்கியிருந்தால் எங்கோ ஓரிடம் காற்றில் முறுக்கிக்கொள்கிறது என்று கொள்ளலாம். முதலில் பிளேட்டின் திருகை இறுக்குங்கள். அடுத்து ஹெட் கால்களோடு சேரும் திருகையும், பிறகு கீல்களையும் இறுக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மறுபடி எடுங்கள். அதன் பிறகும் கலங்கினால் அடிக்குழாய்களை உள்ளே தள்ளிவிட்டு எடுங்கள். அப்போது தெளிந்தால், அந்தக் குறைந்த உயரம் உங்களுக்குப் போதுமா என்று முடிவெடுக்க வேண்டும். போதும் என்றால் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தெளியவில்லை என்றால், வேறொரு ஹெட்டை இரவல் வாங்கி ஒருமுறை பாருங்கள். அதிலும் கலங்கினால் கால்களைத் திருப்பித் தந்துவிட்டு, ஓர் அளவு தடித்த குழாயுள்ளதை வாங்குங்கள்.